மருந்தேற்றிய பஞ்சு

சோபா தைப்பவனுக்குப் பஞ்சைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்பது அவன் நினைப்பு. அமுங்கிப்போன இருக்கை எது வந்தாலும் விரலால் ஓர் அழுத்து அழுத்திவிட்டு அதன் ஜாதகத்தையே சொல்லிவிடுவான்.

அண்ணன் வீட்டில்தான் அவனும் இருந்தான். கூடத்து மூலையில் அண்ணியின் மீன் தொட்டி. அதில் ஒரு கொழுத்த ஆரஞ்சு மீன் நாளெல்லாம் வாயைத் திறந்து திறந்து மூடும். உருப்படியாக ஒன்றும் சொல்லாது. அதனால் அதற்கு அண்ணி வைத்த பெயர் மேனேஜர். சின்ன மீன்களெல்லாம் ஸ்டாஃப்.

தங்கையின் பிரசவத்துக்கு அண்ணி கிளம்பிய நேரத்தில் ஃபில்டரின் ஸ்பாஞ்ச் நைந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, மீன் கடையில இதுக்குன்னே விக்கிறாங்க. ஒண்ணு வாங்கிப் போட்டுடுறீங்களா?"

"அதுக்குப் போய் காசைக் கரியாக்கணுமா அண்ணி? நம்ம கடையில பஞ்சு மூட்டை மூட்டையா கெடக்கு."

"மருந்து கிருந்து எதுவும் போடாததுதானே?"

"பஞ்சுல என்ன அண்ணி மருந்து? நான் பாக்காத பஞ்சா?"

மறுநாள் கைக்கு அகப்பட்ட மூட்டையிலிருந்து ஒரு பிடி பிய்த்து வந்து ஃபில்டரில் திணித்தான். தண்ணீர் பளிச்சென்று தெளிந்தது. சாயங்காலம் மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. பசி போலிருக்கிறது என்று இன்னொரு சிட்டிகை தீனி போட்டான்.

விடிந்து பார்த்தால், ஸ்டாஃபில் பாதிப்பேர் பக்கவாட்டில் மிதந்தார்கள். மேனேஜர் மூலையில் சாய்ந்து கிடந்தார்.

பஞ்சை வெளியே இழுத்து மோந்தான். லேசான மருந்து வாடை. அப்போதுதான் உறைத்தது. அது சினிமா தியேட்டர் இருக்கைகளுக்கு வந்த மூட்டை. தீப்பிடிக்காமலிருக்க மருந்து ஏற்றிய பஞ்சு. போன வாரம்தான் தியேட்டர்காரர் முன்னால் தீக்குச்சியை உரசி அதில் வைத்து, "பாத்தீங்களா, பத்தாது" என்று மார்தட்டியிருந்தான்.

பிடித்து வைத்திருந்த வாளித் தண்ணீருக்கு மேனேஜரையும் உயிரோடிருந்த மற்றவற்றையும் மாற்றி, காற்றுக் குழாயையும் அதில் விட்டான். தொட்டியைத் திரும்பத் திரும்பக் கழுவினான். செத்தவற்றைப் பூந்தொட்டி மண்ணில் புதைத்தான்.

அன்று மாலை அண்ணி போன் செய்தபோது அண்ணன் ஸ்பீக்கரில் போட்டிருந்தார். அவன் முந்திக்கொண்டான்.

"கரன்ட் போயிடுச்சு அண்ணி. மோட்டார் நின்னு, கொஞ்சம் மீனு செத்துப்போச்சு."

அண்ணி மெதுவாக, "என் தப்புதான் தம்பி. கெளம்புற அவசரத்துல தீனிய அள்ளிக் கொட்டிட்டேன். அதுல தண்ணி கெட்டிருக்கும்" என்றார்.

அண்ணன் விடவில்லை. "பாத்துக்க முடியாதவளுக்கு மீனு எதுக்கு? வந்ததும் அந்தத் தொட்டிய ஒழிச்சுக்கட்டு."

"சரிங்க."

அந்தச் 'சரிங்க'வைக் கேட்டுக்கொண்டு அவனால் உட்கார முடியவில்லை. போனை வாங்கினான்.

"அண்ணி, கரன்ட் போகல. நான் போட்ட பஞ்சு மருந்து ஏத்தினது. எடுக்கும்போது நான் பாக்கவே இல்ல."

அண்ணன் சிரித்துவிட்டார். "பெரிய பஞ்சு டாக்டர்!"

அண்ணி சிரிக்கவில்லை. "நான் கேட்டேன்ல தம்பி?" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

தொட்டிக்கு மீன் கடை ஸ்பாஞ்சையே வாங்கிப் போட்டு, பிழைத்த மீன்களைத் திரும்ப விட்டான். ஆனால் சொன்னபடி மருந்தில்லாத பஞ்சைக் கொடுக்காமல் மனசு ஆறவில்லை. தலையணைப் பஞ்சு விற்பவரிடம் போய் நின்றான்.

"மருந்து, வாசனை, சாயம் ஏதாவது ஏத்தியிருக்கா?"

"சாதா பாலியஸ்டர்தாங்க."

"மில்லுல கேட்டுச் சொல்லுங்க."

"என்னங்க, பொண்ணு பாக்க வந்த மாதிரி விசாரிக்கிறீங்க?"

அவர் மில்லுக்குப் பேசி முடிக்கும்வரை நகராமல் நின்றான். வாங்கி வந்த பஞ்சைச் சோப்பில்லாமல் அலசி ஊறவைத்தான். நுரையில்லை, வாடையில்லை. ஆனாலும் தொட்டியில் போடக் கை வரவில்லை. ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தான்.

ஊரிலிருந்து திரும்பிய அண்ணி பையை இறக்காமலே தொட்டியைப் பார்த்தார்.

"எங்க பொதச்சீங்க?"

பூந்தொட்டியைக் காட்டினான். கொஞ்ச நேரம் அங்கே நின்றுவிட்டு வந்தவரின் கண்ணில் கிண்ணம் பட்டது.

"இது?"

"மருந்தில்லாத பஞ்சு அண்ணி. மில்லுல கேட்டாச்சு. நீங்க பாத்துட்டு, வேணும்னா..."

அண்ணி அதைப் பிழிந்து, மோந்து, வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தார். "அன்னைக்கே 'தெரியல, பாத்துச் சொல்றேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"



ஸ்பாஞ்ச் இருந்தபடியே இருக்க, அதன் மேல் கொஞ்சமே கொஞ்சம் பஞ்சை வைத்து மூடியைப் போட்டுவிட்டு, முக்காலியை இழுத்துத் தொட்டியின் எதிரில் உட்கார்ந்தார். கூட உட்காரவும் முடியாமல், எழுந்து போகவும் முடியாமல், அவன் துணியை எடுத்து ஏற்கெனவே துடைத்திருந்த தரையைத் துடைக்கத் தொடங்கினான்.