ஏழு பேர் பார்த்த வரி

அணித் தலைவர் குருராஜுக்குத் தனியாக வேலை செய்பவர்களைப் பிடிக்காது. அவரவர் வீட்டிலிருந்து நிரல் எழுதினாலும், தன்னையும் சேர்த்து அணியின் ஏழு பேரும் காலையிலேயே ஒரே கூட்டுத் திரைக்கு வந்துவிட வேண்டும். ஒவ்வொரு கர்சரின் மேலும் ஒரு பெயர் ஒட்டியிருக்கும். ஒருவர் பெயரை அழுத்தினால் போதும், அவர் போகும் இடமெல்லாம் நம் திரையும் பின்னால் போகும். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு குருராஜ் இதைக் கூட்டுழைப்பு என்பார்.

அன்று பஸ் டிக்கெட் செயலி ஒரே இருக்கையை இரண்டு பேருக்கு விற்றுக்கொண்டிருந்தது. மாலைக்குள் சரிசெய்தால்தான் அணியிலிருந்த சுமேதாவுக்கு மறுநாள் விடுப்பு என்று சொல்லியிருந்தார். மறுநாள் சிர்சியில் அவள் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். அவள் வேலை செய்யும் அறைக்கு வெளியே, அதே வீட்டுக் கூடத்தில்.

வெகுநேரமாகத் திரை அசையவில்லை.

"யாருப்பா எழுதுறது?" என்றாள் சுமேதா.

"நான் நிரஞ்சன் பின்னாடி இருக்கேன்" என்றான் தத்தாத்ரி.

"நான் உங்க பின்னாடிதான் மேடம்" என்றான் நிரஞ்சன்.

சுமேதா பார்த்தாள். அவள் தத்தாத்ரியின் பின்னால் இருந்தாள்.

"சார், நீங்க?"

"நான் எல்லாரையும் கவனிச்சுக்கிட்டிருக்கேன். எனர்ஜி நல்லாருக்கு. அப்படியே போங்க."

ஏழு பேரும் ஒரு காலி வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இங்க கரண்ட் போயிடுச்சு சார்" என்று சொல்லி அவள் இணைப்பைத் துண்டித்தாள். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றியது. பணம் கட்டிய பிறகே செயலி இருக்கையைப் பூட்டியது. தேர்ந்தெடுத்த உடனே பூட்டும்படி மாற்றினாள். சில வரிகள்தான். சாப்பாட்டுக்கு முன் சோதித்து அனுப்பிவிட்டாள்.

மாலைக் கூட்டத்தில் குருராஜ் நெகிழ்ந்துபோயிருந்தார்.

"பாத்தீங்களா? ஏழு மூளை ஒண்ணா உக்காந்தா எதுதான் முடியாது?"

"சரிபண்ணி அனுப்புனது நான் சார்."

"இருக்கட்டும்மா. யார் அனுப்புனா என்ன, எல்லாரோட உழைப்பும்தானே? ஆனா நீங்க பாதி நாள் திரையிலயே இல்ல. நாளைக்கு லீவு கஷ்டம். கரண்ட் இருக்கிற இடமா பாத்து உக்காருங்க."

"சரி சார்."

பிறகு நிரஞ்சன் தனியாக அழைத்தான். "சண்டை போட்டிருக்கலாம்ல மேடம்?"

"யாரோட?" என்றாள்.

மறுநாள் காலை பட்டுப்புடவையோடு வந்து கூட்டுத் திரையைத் திறந்தாள். நிரஞ்சனின் பெயரை அழுத்தினாள். மடிக்கணினி அணைந்துவிடாதபடி மாற்றி வைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

தட்டு மாற்றி, விருந்து முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் கிளம்பிய பிறகுதான் திரும்பி வந்தாள். கையில் பாதி கடித்த ஹோளிகே, அந்த ஊர்ப் போளி. திரையில் ஒரு காலி வரி. அதில் அவள் பெயர் மினுங்கியது. சுற்றிலும் மற்ற ஆறு பெயர்கள். கீழே குருராஜின் செய்தி இருந்தது.

"சுமேதா, இன்னிக்கு உங்க பங்கேற்பு பிரமாதம். தினமும் இப்படியே இருங்க."

ஹோளிகேயைத் தின்று முடித்தாள். விரலைத் துடைத்துக்கொண்டு, கைகூப்பும் எமோஜி ஒன்றை அனுப்பினாள்.