சிவப்புக் கோடு போட்ட லீவு லெட்டர்

யுவஸ்ரீக்குக் காலையிலிருந்தே உடம்பு அனலாய்க் கொதித்தது. மாஸ்க்கை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு வல்லம் வடகால் கம்பெனியின் லைனில் திருகு முடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, சூப்பர்வைசர் திரும்ப வந்துட்டாரு, பாத்தியா?" என்றாள் பக்கத்தில் நின்ற திருநெல்வேலிக்காரி நாச்சியார். "பைபாஸ் முடிஞ்சு ரெண்டே மாசம். காய்ச்சல், இருமல்காரங்க உள்ள வரக்கூடாதுன்னு அவரு ரூம் கதவுல ஒட்டிருக்கு. அவரு நெஞ்சு மட்டும் கண்ணாடில்லா."

யுவஸ்ரீ தன் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். எட்டு மாதமாக அவள் பையில் ஒரு தாள் மடிந்து கிடந்தது. 'அப்பாவுக்கு இதய ஆபரேஷன் ஆகிப் பத்து நாள். லைனில் ஆறு பேருக்குக் காய்ச்சல். வீட்டுக்குத் தொற்று போகாமலிருக்க ஒரு வாரம் லீவு வேண்டும்.' அதன் குறுக்கே சூப்பர்வைசர் வசந்தகுமார் இழுத்த சிவப்புக் கோடு. "ஊரே தும்முது, நீ மட்டும் இன்னா மகாராணியா?" என்று அன்று சிரித்தான்.

அதிலிருந்து நாலாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். ஆறாம் நாள் அப்பாவுக்கு.

"சாதாரண சளி வைரஸ்தாம்மா. ஆபரேஷன் ஆன உடம்பு, நுரையீரல் தாங்கல," என்றார் டாக்டர். மறுவாரம் வெண்டிலேட்டரைக் கழற்றி உடலைக் கொடுத்தார்கள்.

இன்று டீ நேரத்தில் வசந்தகுமாரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"வெளிய எழுதினதைப் படிக்கல?"

"படிச்சேன் சார். காய்ச்சல்தான். நூத்தியொண்ணு."

நாற்காலி சுவர்வரை உருண்டது. இருமும்போது அணைத்துக்கொள்ளும் தலையணையை நெஞ்சோடு இறுக்கினான். "லீவு எட்த்துக்கினு போ. பத்து நாள்னாலும் போ."

"எழுதி எட்த்தாந்துகீறேன் சார்." தாளை மேசையில் விரித்தாள்.

படித்தவனின் முகம் வெளிறியது. "இது பழசும்மா. அப்பா இப்ப எப்படி..."

"கையெழுத்து போடுங்க." அவள் விரல் மாஸ்க்கின் காது நாடாவில் போய் நின்றது.

"எனக்கு ரெண்டு பொண்ணும்மா."

"எங்கப்பாவுக்கு ஒண்ணு."

பேனாவை எடுத்துப் போட்டான்.

"அன்னிக்கித் தேதியப் போடுங்க."

அதையும் போட்டான். தாளை நிதானமாக மடித்தாள். "லீவு குட்த்துட்டீங்க இல்ல, இனிமே அப்பா நல்லாருப்பாரு."

கதவருகே போனவளைக் கூப்பிட்டான். "யுவஸ்ரீ, எனக்கு ஒண்ணும் ஆவாதில்ல?"

மாஸ்க் கடைசிவரை அவள் முகத்தில்தான் இருந்தது. அதனால் பயமில்லை என்று அவள் சொல்லவில்லை.

"நாலு நாள்ல தெரிஞ்சிடும் சார்."