மோட்டார் நின்றதற்குக் காரணம்

கடலில் மோட்டார் நின்றுபோக எத்தனையோ காரணம் உண்டு. பிளக்கில் கரி பிடிக்கும், மண்ணெண்ணெயில் தண்ணீர் கலக்கும், கார்பரேட்டரில் தூசி அடைக்கும். சிங்காரவேலு வீட்டில் மட்டும் ஒரே காரணம்தான். மருமகள்.

மீன்பிடிப் படகுகளுக்கு அரசாங்க மானியத்தில் மோட்டார் வரத் தொடங்கியிருந்த சமயம். தவளக்குப்பத்தில் பம்புசெட் பழுது பார்த்துக்கொண்டிருந்த நான் அந்த வேலையையும் கற்றுக்கொண்டேன். சிங்காரவேலுவுக்கு மோட்டார் வந்த மாதமே அமிர்தமும் அவனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தாள். மோட்டார் கடலில் நின்று நின்று அவன் மானத்தை வாங்கியது. அடுத்த படகுக்காரன் கயிறு கட்டி இழுத்து வருவான், கரையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவன் அம்மா தையலம்மாள் தீர்ப்பே சொல்லிவிட்டாள், "எல்லாம் இவ கால வெச்ச நேரம்" என்று.

ராசி கெட்டவள் என்ற சொல்லைக் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைத்தால் ஸ்பானராலேயே ஒன்று போடுவேன். எவ்வளவு வசதியான சொல்! எதையும் கழற்ற வேண்டாம், திறந்து பார்க்க வேண்டாம், கையில் கிரீஸ் ஒட்டாது.

என் கடையிலோ அந்த மோட்டார் பரம சாது. தண்ணீர் டிரம்மில் இறக்கினால் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டு மதியம் வரைக்கும் ஓடும். பிளக்கை மாற்றினேன், கார்பரேட்டரைக் கழுவினேன். கடலுக்குப் போனதும் மறுபடி படுத்துக்கொண்டது.

ஒரு வெள்ளிக்கிழமை அபிஷேகப்பாக்கத்தில் மீன் விற்றுவிட்டுத் திரும்பும் வழியில் அமிர்தம் என் கடை வாசலில் வந்து நின்றாள். காலிக் கூடையைத் தலையிலிருந்து இறக்கக்கூட இல்லை.

"அண்ணே, நாளைக்கும் நின்னுச்சின்னா என்னை எங்கம்மா வூட்டுக்கே அனுப்பிடுவாங்களாம். அதுக்கு இன்னாதான் கேடுன்னு பாத்துச் சொல்லுங்கண்ணே."

"சிங்காரவேலு இன்னா சொல்றான்?"

"ஒண்ணும் சொல்லல. அவரு நல்லவருண்ணே."

அந்த நல்லவன்மேல் எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் விடிந்ததும் அவனோடு படகில் ஏறிவிட்டேன். நான் வில்லியனூர்ப் பக்கத்து ஆள், ஏரித் தண்ணீரைத்தான் தெரியும். அலையைத் தாண்டுவதற்குள் குடித்த டீ வெளியே வந்தது. மோட்டார் நன்றாகத்தான் ஓடியது. இரண்டு மூன்று பெரிய அலை மேலே அடித்துத் தெளித்ததும் சட்டென்று நின்றது.

"பாத்தியாண்ணே?" என்றான் சிங்காரவேலு. "நேத்துகூட அழுதுக்கினே இருந்தா. அழுத வூட்டுலேருந்து கெளம்பினா இப்படித்தான்."

"வாய மூடிக்கினு கயித்த இழுடா."

பிளக்கைக் கழற்றிப் பிடித்துக்கொண்டேன். அவன் இழுத்தான். பொறி வரவில்லை. கடையில் வந்த பொறியைக் கடலில் எது தின்கிறது? மோட்டாரின் முகப்பில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். அதன் கழுத்தில் ஒரு கிளிப், கிளிப்பில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையை ஓட்டுகிறவன் உடம்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அவன் தவறிக் கடலில் விழுந்தால் கிளிப் பிடுங்கிக்கொண்டு வரும், பொத்தான் உள்ளே போய்ப் பொறியை வெட்டும், மோட்டார் நிற்கும். ஆள் உயிரைக் காக்க வைத்த பொத்தான் அது. கிளிப் மாட்டித்தான் இருந்தது. ஆனாலும் அதிலிருந்து வரும் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பிளக்கை மாட்டி, மறுபடி இழுக்கச் சொன்னேன். மோட்டார் அலறிக்கொண்டு கிளம்பியது.

நிறுத்திவிட்டுப் பொத்தானைக் கழற்றினேன். உள்ளே மஞ்சளும் சிவப்புமாகச் சேறு. உப்புத் தண்ணீரில் ஊறி மின்சாரத்துக்குப் பாலம் போட்டிருந்தது. மோந்து பார்த்தேன். சந்தனம்.

"இதுல யாருடா பொட்டு வெக்கறது?"

"எங்கம்மா. வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை வெச்சிக் கற்பூரம் காட்டும். கடைக்கு எடுத்தாரப்ப நான் தொடச்சிடுவேன்."

மேலே துடைத்திருக்கிறான். உள்ளே போனது மாதக்கணக்காக அப்படியே இருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, தேய்த்து, ஒயரைச் சேர்த்து மாட்டினேன். அலை அடித்தது, தெளித்தது, மோட்டார் அசரவில்லை. கரை வரைக்கும் ஒரே ஓட்டம். எனக்குக் குமட்டல்கூட நின்றுவிட்டது. அமிர்தத்திடம் சொல்ல வேண்டும் என்று அவ்வளவு சந்தோஷம்.

தையலம்மாள் கரையில் நின்றிருந்தாள், கூட நாலைந்து பெண்கள்.

"சத்தத்தக் கேட்டீங்களாடி! இன்னொருவாட்டி நிக்கட்டும்னு பாக்காம காலையிலயே அவள அவ அண்ணங்கூட பஸ் ஏத்தி உட்டேன். அவ வாசல் தாண்டினா, மோட்டார் ஓடுது!"

துணியில் வழித்து வைத்திருந்த சேற்றை அவள் முன்னால் நீட்டினேன். "இந்தாம்மா, உன் மருமகளோட ராசி. நீ வெச்ச சந்தனம். பொட்டு வெக்கணும்னா மூடிமேல வெய்யி."

"சாமிக்கு நெத்தியில வெக்காம முதுகுலயா வெப்பாங்க? உங்க மாதா கோயில் சாமியாரு வண்டிக்கெல்லாம் தீர்த்தம் தெளிக்கல? அதுல மட்டும் நிக்காதா?"

அவளிடம் பேசிப் பயனில்லை. சிங்காரவேலுவின் பக்கம் திரும்பினேன். "நீ பாத்தியில்ல? சொல்லுடா."

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். அவன் குனிந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். அதில் ஒரு மீன்கூட இல்லை.

"உடுண்ணே. ஓடுதில்ல," என்றான்.

அந்தச் சேற்றை அவன் முகத்தில் அப்பியிருக்க வேண்டும். அப்பாமல் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மூர்த்திக்குப்பத்துக்குச் சைக்கிளை மிதித்தேன். உண்மை தெரிந்தால் அந்தப் பெண்ணின் மனசாவது ஆறும் என்று நினைத்தேன். அமிர்தம் அம்மா வீட்டு வாசலில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். பொத்தானைக் கழற்றியது, உள்ளே சந்தனம் இருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது.

"அப்ப என்னால இல்ல."

"உன்னால இல்லவே இல்லம்மா."

"நீங்க தெறக்கறப்ப அவரு எங்க இருந்தாரு?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று நான் நினைக்கவில்லை. வாய் தன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது. "பக்கத்துலதாம்மா. எல்லாத்தையும் பாத்துக்கினுதான் இருந்தான்."

"கரையில கேட்டீங்களா?"

தலையை ஆட்டினேன். என்ன சொன்னான் என்று அவள் கேட்கவில்லை. மீதிக் கருவாட்டையும் புரட்டி முடித்தாள்.

"நேத்து முச்சூடும் அவரு வந்து கூப்புடுவாருன்னு பொடவைகூட மாத்தாம இருந்தேண்ணே," என்றாள். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "அம்மா, உன் பழம்பொடவை ஒண்ணு எடுத்துக் குடு. நான் குளிச்சிட்டு வர்றேன்."