அறுபது சிங்கிள்

“வெள்ளிக்கிழமைக்குத்தான் மேடம் இடம் இருக்கு” என்று கவுண்டர்ப் பெண் மூன்றாவது முறையாகச் சொன்னதும், எதிரே நின்றவள் தன் தோளில் கிடந்த பையை இறக்கிக் கவுண்டர் மேலேயே வைத்துவிட்டாள். இனி அங்கிருந்து நகர்வதாக இல்லை.

“இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. எங்கம்மா வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்க மாட்டாங்க.”

கவுண்டர்ப் பெண்ணின் விரல்கள் ஒரு நொடி நின்றன. பாவம், அவளும்தான் என்ன செய்வாள். முந்தின நாள் பூராவும் மூடுபனி. ஒரு விமானம் ஏறவில்லை, ஒன்று இறங்கவில்லை. இரண்டு நாள் கூட்டமும் அந்த ஒரே கூடத்தில் வந்து அடைந்துகொண்டதில் எள் போட்டால் எள் விழாது. பெட்டிகளின் மேல் குழந்தைகள் குப்புறப் படுத்துத் தூங்கின.

“பத்தேகாலுக்கு ஒன்னு போகுதே. போர்டுல காட்டுதே.”

“அது ஃபுல் மேடம். அதுக்கு வெயிட்டிங்லயே நாப்பது பேரு.”

காலையில் மாமா கூப்பிட்டபோது அவள் வேலையில் இருந்தாள். பல் செட் செய்து கொடுக்கும் லேப் அது. ஏழு மணிக்கெல்லாம் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிடுவாள். மெழுகில் ஒரு கடைவாய்ப்பல்லைச் செதுக்கிக்கொண்டிருந்த கையோடு போனை எடுத்தாள். மாமா அம்மாவின் தம்பி. வாயைத் திறந்தால் கேலியும் கிண்டலுமாகப் பேசுகிற மனுஷன், அன்றைக்கு ஒரே வரிதான் சொன்னார். “இன்னைக்குத்தான்னு டாக்டர் சொல்றாரும்மா, கெளம்பி வா.” அம்மாவுக்குக் கல்லீரலில் கட்டி என்று தெரிந்து மூன்று மாதம் ஆகிறது. போன மாதம் போய்ப் பார்த்தபோதுகூட, இன்னும் நாள் இருக்கிறது என்றுதான் சொல்லியிருந்தார்கள். போட்ட துணியோடு ஓடி வந்திருந்தாள். சட்டைக் கையில் பல் அச்சு எடுக்கிற வெள்ளை மாவு அப்படியே அப்பிக் கிடந்தது.

போன் அடித்தது. மாமாதான்.

“எங்க இருக்க?”

“கவுண்டர்ல. இடம் இல்லையாம் மாமா. வெள்ளிக்கிழமைங்கறாங்க.”

“இரு, உங்கம்மா என்னமோ கேக்கறா.” அந்தப் பக்கம் ஒரு முனகல் கேட்டது. “கார்டைக் காட்டினியான்னு கேக்கறா.”

“எந்தக் கார்டு?” என்று கேட்டுவிட்டாளே தவிர, கேட்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அப்பா இறந்தது ஆறு வருஷத்துக்கு முன்னால். அப்போதும் இதே ஊர், இதே கூடம். விடுமுறைக் கூட்டத்தில் இடம் கிடைக்காமல் இரண்டு நாள் கவுண்டர் கவுண்டராக அலைந்தாள். மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். வாடகைக்கு எடுத்த நாற்காலிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். “எவ்வளவு நேரம்தான் வச்சிருக்கறது, முடியலடி” என்று அம்மா சொன்னாள். அழவில்லை. அப்பாவின் முகத்தை மகள் பார்க்காமல் போனது மகளைவிட அம்மாவுக்குத்தான் அதிகம் வலித்தது.

அம்மா முப்பத்திரண்டு வருஷம் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது என்று நோட்டில் குறிப்பதுதான் வேலை. அப்படிப்பட்டவள் சும்மா இருப்பாளா? விமானக் கம்பெனிக்கு அவளே போன் போட்டு, நிரம்பிய விமானத்தில்கூட யாருக்காவது இடம் கொடுப்பீர்களா என்று கேட்டிருக்கிறாள். எங்களிடம் மேல் வகுப்பு உறுப்பினர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு எப்படியாவது கொடுத்துவிடுவோம் என்றார்களாம். அந்த உறுப்பினர் தன்னோடு இன்னும் ஒருவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாமாம். அதற்கு என்ன செய்ய வேண்டும்? வருஷத்துக்கு அறுபது தடவை பறக்க வேண்டும்.

பறந்தாள். உள்நாட்டுக்குள்ளேயே ஐம்பது நிமிஷம் போகிற மிகச் சின்ன வழித்தடமாகப் பார்த்துப் பிடித்தாள். ஒரு வாட்டர் பாட்டில், இரண்டு துண்டு ரொட்டி, ஒரு அவித்த முட்டை. போய் இறங்குவாள், அதே விமானத்தில் ஏறித் திரும்பி வந்துவிடுவாள். இறங்கின ஊர் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. போக ஒன்று, வர ஒன்று என்று ஒவ்வொரு தடவையையும் டிப்போ வழக்கப்படி சிங்கிள் என்பாள். “இந்த மாசம் ஆறு சிங்கிள் அடிச்சிட்டேன்” என்பாள். சொந்தக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பைலட்டம்மா என்று பட்டப்பெயர் வைத்ததே மாமாதான்.

மகளுக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல் வந்தது. “அப்பா உழைச்சு வச்ச காசை ஆகாயத்துல விடறியேம்மா. அந்தக் காசுல என்னை வந்து பாக்கலாமில்ல?”

“உன்னை வந்து பாத்தா ரெண்டு சிங்கிள்தாண்டி ஆகும்.”

“பாயிண்ட் சேருமாமே. அதை வச்சாவது வாயேன்.”

“பாயிண்ட்ல ரெண்டு வகை இருக்கு. ஒன்னு டிக்கெட் வாங்கறதுக்கு, செலவு பண்ணா தீர்ந்துடும். நான் போற சின்ன ரூட்டுக்கு அது ஒன்னும் பெருசா சேராது. இன்னொன்னு இருக்கு பாரு, அது சர்வீஸ் மாதிரி. சீனியாரிட்டி. காசு குடுத்து பறந்தாத்தான் ஏறும், யாரும் எடுத்துக்க முடியாது. என் முறை வரும்போது நீ கவுண்டர்ல நிக்கக் கூடாது.”

“சாவுக்கு சீட்டுப் பிடிச்சு வைக்கற ஒரே ஆளு உலகத்துலயே நீதாம்மா” என்று சொல்லி அவள் போனை வைத்தாள். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை பேசியாயிற்று, போன மாதம் பக்கத்திலேயே பத்து நாள் இருந்தாயிற்று. அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. வருஷா வருஷம் தபாலில் வந்த அட்டையை உறையைக்கூடப் பிரிக்காமல் சமையலறை இழுப்பறையில், ரப்பர் பேண்டுகளோடும் தீர்ந்த பேட்டரிகளோடும் போட்டு வைத்திருந்தாள்.

“கார்டு வீட்டுல இருக்கு” என்று கவுண்டர்ப் பெண்ணிடம் சொன்னாள். “எங்கம்மா உங்க மெம்பர். என் பேரையும் சேர்த்திருக்கறதா சொன்னாங்க. எனக்குச் சரியாத் தெரியாது.”

அந்தப் பெண் பாஸ்போர்ட்டை வாங்கிப் பெயரைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். இன்னொரு தரம் தட்டிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய், கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டியிருந்த சூப்பர்வைசரை அழைத்து வந்தாள். அவர் குனிந்து படித்தார். குனிந்தவர் நிமிர்ந்தபோது குரலே மாறியிருந்தது.

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே மேடம். இந்த வகுப்புக்கு ஃபுல்லா இருந்தாலும் ஒரு சீட்டு குடுத்தே ஆகணும். பத்தேகால்லயே போயிடலாம்.”

“இடம் இல்லைன்னாங்களே.”

“ஒருத்தரை இறக்கி அடுத்ததுல அனுப்புவோம். அது எங்க பாடு.” அவர் மறுபடி திரையைப் பார்த்தார். “உங்கம்மா என்ன பண்றாங்க? பெரிய பிசினஸா? நாலு வருஷமா, வருஷத்துக்குச் சரியா அறுபது. ஒன்னு கூடவும் இல்லை, கம்மியும் இல்லை. எல்லாம் ஒரே ரூட்டு.”

“பஸ் டிப்போல டைம்கீப்பர். ரிட்டயர் ஆயிட்டாங்க.”

சூப்பர்வைசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, அவள் பையைத் தானே தூக்கிக்கொண்டார். “வழி விடுங்க, வழி விடுங்க” என்று அவர் முன்னால் போக, அத்தனை கூட்டமும் விலகியது. அவள் பின்னால் நடந்தாள். எங்கோ ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார முடியாமல் கிடக்கிற ஒருத்தி, இங்கே இத்தனை பேரை ஒதுக்கி வழி விடச் செய்கிறாளே என்று நினைத்தபோது அவளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

இருபத்து மூன்றாம் வரிசை, நடு சீட்டு. உட்கார்ந்தபோது சீட்டில் இன்னும் சூடு இருந்தது. பெல்ட்டை எடுத்தாள்; யாரோ பெரிய உடம்புக்காரருக்காக முழு நீளத்துக்கும் தளர்த்தியிருந்தது. அவரைக் கூட்டிப் போனதை அவள் பார்க்கவில்லை. தன் அளவுக்கு இழுத்துக்கொண்டே வந்தவளுக்கு, அப்போதுதான் அது உறைத்தது. போன வருஷக் கடைசியில்தான் நோய் தெரிந்தது. அறுபது என்றால், கடைசிச் சில சிங்கிள்கள் அதற்குப் பிறகுதான் இருந்திருக்க வேண்டும். வீங்கின வயிற்றின் மேல் இதே மாதிரி ஒரு பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் அம்மா உட்கார்ந்திருந்திருக்கிறாள். விமானம் மேலே ஏறியது. மேகத்தைத் தாண்டியதும் வெயில் பளீரென்று அடித்தது. இருநூற்று நாற்பது தடவை அம்மா இதைப் பார்த்திருக்கிறாள், ஒரு தடவைகூட அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் மாமா நின்றுகொண்டிருந்தார். மணி இரண்டாகப் போகிறது.

“முழிச்சிருக்கா. வா, வா.” வராந்தாவில் அவர் நடையும் ஓட்டமுமாகப் போனார். “உங்கிட்ட சொல்ல வேணாம்னா. ஆனா நான் சொல்லிடறேன். ஒன்பது மணிக்கே டாக்டர் வலிக்கு ஊசி போடறேன்னாரு. போட்டா தூங்கிடுவா, மறுபடி முழிக்கறது கஷ்டம்னாரு. சீட்டு கெடைச்சிடுச்சுன்னு நீ போன் பண்ணினே பாரு, உடனே வேணாம்னுட்டா.”

“வேணாம்னா?”

“பிளேன் எறங்கினப்புறம் போட்டுக்கறேன்னா. ஒத்தக் கால்ல நின்னா. டாக்டர் கெஞ்சிப் பாத்தாரு, நானும் கெஞ்சினேன்.”

“அஞ்சு மணி நேரமா மாமா?”

“துண்டை வாயில கடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தா. பிளேன் எங்க வருதுன்னு போன்ல காட்டுமில்ல, அதைப் பிடிச்சுக்கிட்டே இருடான்னா. கையிறங்கினா திட்டினா.” மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். “கடைசி ஆறு தடவை நானும்தான் அவகூடத் துணைக்குப் போனேன். எனக்கு வாந்தி. அவதான் எனக்குப் பை பிடிச்சா.”

அம்மா முகம் மஞ்சளாக இருந்தது. கீழுதட்டில் பல் பதிந்து ரத்தம் கட்டியிருந்தது. கண்கள் மட்டும் நல்ல தெளிவாக, கதவைப் பார்த்தபடி இருந்தன.

“வந்துட்டியா.”

“வந்துட்டேம்மா.” அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எத்தனை மணிக்கு எடுத்தான்?”

“பத்து இருபத்தொன்னு.”

“ஆறு நிமிஷம் லேட்டு.” மூச்சு வாங்கியது. “எந்த சீட்டு?”

“இருபத்தி மூணு. நடு சீட்டு.”

“எனக்கும் எப்பவும் நடுவுலதான் போடுவான்.” உதட்டோரம் கொஞ்சம் இழுத்தது, சிரிப்புத்தான். பிறகு எதையோ யோசித்தவளாக, “யாரை எறக்கினான்?” என்றாள்.

“தெரியலம்மா. பெரிய உடம்பு ஆளு. பெல்ட்டு அவ்வளவு லூசா இருந்துச்சு.”

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். “அவருக்கு என்ன அவசரமோ பாவம்.”

வெளியே வராந்தாவில் யாரோ பக்கெட்டை நகர்த்தினார்கள். இதை விட்டால் வேறு நேரம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

“அம்மா, அன்னைக்கு போன்ல நான் உன்னை...”

“அதுக்கெல்லாம் டைம் இல்லடி.” அம்மா கண்ணைத் திறந்தாள். மகளின் முகத்தை நெற்றியிலிருந்து மோவாய் வரைக்கும் பார்த்தாள். மாவு அப்பிய சட்டைக் கையைப் பார்த்தாள். விரலால் அதை ஒரு தட்டுத் தட்டினாள். “ரொம்ப வலிக்குது. ஊசி போடச் சொல்லு.”

எழுந்து போய் நர்ஸைக் கூட்டி வர இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஊசி ஏறும்போது அம்மா அவள் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. நெற்றிச் சுருக்கங்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. இத்தனை நேரம் அந்த முகத்தில் எவ்வளவு வலி இருந்திருக்கிறது என்பது, அது போன பிறகுதான் தெரிந்தது. அம்மா இவ்வளவு அழகு என்று அவள் அறிந்ததே இல்லை. மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அம்மா அப்படியே இரண்டரை மணி நேரம் தூங்கினாள். மூச்சு இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. அவள் அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு மூச்சுக்குப் பிறகு அடுத்தது வரவில்லை. வருமென்று கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, மாமாதான் போய் டாக்டரை அழைத்து வந்தார்.

எல்லாம் முடிந்து, ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை வந்தார். வயதானவர், உள்ளே வராமல் அங்கேயே நின்று தணிந்த குரலில் கேட்டார்.

“வெளியூர்லேருந்து யாராவது வரணுமாம்மா? வரணும்னா சொல்லுங்க, வச்சிருக்கலாம்.”

மாமா அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“இல்லைங்க” என்றாள். “எல்லாரும் வந்தாச்சு.”

வண்டி உள்ளே வருவதற்காக அவள் நாற்காலியைத் தூக்கிச் சுவரோரமாக வைத்தாள்.