பாதிக் குழிக்குப் பாகு

அவருக்கு மூக்கர் என்று பெயர் வந்ததற்கு அவர் மூக்கே பொறுப்பு. எந்த மாட்டுக்கு நாளை வயிறு கெடும் என்பதை இன்றே மோந்து சொல்லிவிடுவார். ஒருமுறை மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டில் பால் அடிப்பிடிப்பதை இங்கிருந்தே கண்டுபிடித்து, ஓடிப்போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். அவர்கள் அப்போதுதான் பாலை அடுப்பில் ஏற்றியிருந்தார்கள் என்பது வேறு விஷயம்.

இப்பேர்ப்பட்ட மூக்கை அவர் மனைவி மட்டும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை.

அந்த வருடம் மக்காச்சோளத்தோடு தட்டைப்பயற்றையும் கலந்து விதைத்திருந்தார்கள். இரண்டையும் பச்சையாக நறுக்கி, குழியில் போட்டு மிதித்து, காற்றுப் புகாமல் மூடிவைத்தால் கோடைக்கு மாடுகளுக்கு ஊறுகாய்ப்புல் தயார். ஆனால் மழை கொட்டியதில் பயற்றங்கொடிதான் மண்டிக் கிடந்தது.

"பயறும் அதிகம், ஈரமும் அதிகம். அப்படியே மூடினா அழுகிடும்," என்றாள் மனைவி. "வெல்லப்பாகு கரைச்சு ஊத்தணும். கடையில ஒரு பொடி தர்றாங்க, பாலுக்கு உறை ஊத்தற மாதிரி. அதையும் தெளிச்சா ஒழுங்காப் புளிக்கும்."

"மாட்டுக்குப் பாகா? அப்புறம் முந்திரி வறுத்துப் போடுவியா?"

"உங்களுக்கே போட்டதில்ல, மாட்டுக்குப் போடுவேனா."

பேச்சு முற்றிப் பந்தயமாகி, குழியின் நடுவே பலகை நின்றது. ஒரு பாதி அவளுடையது; பாகும் பொடியும் அதில் இறங்கின. மறுபாதி அவருடையது; அதில் தன் அனுபவத்தைத் தவிர அவர் எதையும் சேர்க்கவில்லை.

"நீங்க தோத்தா, பால் நிலையத்து வரிசையில நின்னு 'எம்பொண்டாட்டி கெட்டிக்காரி'ன்னு சொல்லணும்," என்றாள். "நான் பக்கத்துல நின்னுக்கிட்டு 'கேக்கல'ம்பேன். நீங்க திரும்பச் சொல்லணும்."

"எத்தன தடவ?"

"எனக்குக் கேக்கற வரைக்கும்."

குழி புளித்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு காலையில் பால் கேனைக் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே குழாயடியில் சாய்ந்தாள்; பிறகு எழவே இல்லை. கேன் மட்டும் உருண்டுபோய்ச் சுவரில் முட்டி நின்றது.

கோடை வந்தும் மூக்கர் குழியைத் திறக்கவில்லை. வெறும் வைக்கோலில் மாடுகள் இளைத்தன. அதில் ஒரு மாடு, தன் நிழலை இழுத்துக்கொண்டு நடக்கத் தெம்பில்லாமல் கொட்டகையை விட்டு வெளியே வரவே மறுத்தது.

"திறங்கப்பா," என்றாள் மகள். "அம்மா மிதிச்சு வச்சது. மாடு பட்டினி கிடக்குது."

"திறந்தா பந்தயம் முடிஞ்சிடும்மா."

மகள் மண்வெட்டியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள்.

முதலில் தன் பாதியைத் திறந்தார். கறுத்துக் கொழகொழத்து நாறிக் கிடந்தது. தலைக்கு மேலே வந்த காக்கை பாதி வழியில் திரும்பிப் போனது. பக்கத்து ஊரில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டதாகக் கேள்வி.

பிறகு அவள் பாதி. மஞ்சளோடிய பச்சை. பிழிந்தால் கையில் ஒட்டவில்லை. கட்டியிருந்த மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தின.

"பழ வாசனை அடிக்குதுப்பா," என்றாள் மகள்.

மூக்கர் ஒரு பிடி அள்ளி முகத்தருகே வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். மூன்று தெரு தாண்டி மோப்பம் பிடித்த மூக்கு அன்று அடைத்துக்கொண்டது. ஒன்றும் தெரியவில்லை.

"ஆமாம்மா," என்றார்.

மறுநாள் காலை, பால் நிலையத்து வரிசையில் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு நின்றார். முறை வந்ததும் கேனை இறக்கி வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"எம்பொண்டாட்டி கெட்டிக்காரி."

பால் அளப்பவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கேட்டுச்சுண்ணே," என்றார் மெதுவாக. "எல்லாருக்கும் கேட்டுச்சு."

மூக்கர் கேனை எடுக்கவில்லை, நகரவும் இல்லை.

"கேக்கலன்னு சொல்லுப்பா," என்றார்.