மூன்று மணிக்கு ஒரு செக்கிங்

பூனை அன்றும் அதையே செய்தது. ஹெலன் கதவைத் திறந்தபோது நிலைப்படிக்கு உள்ளே முன்னங்கால்களைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை, தோளில் தொங்கிய பையைத்தான் பார்த்தது. அவள் பையைத் தரையில் வைத்ததும் எழுந்து வந்து ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நிதானமாக முகர்ந்தது. ஒரு காலைத் தூக்கிப் பையின்மேல் வைத்துச் சற்று நேரம் காத்திருந்தது. பிறகு காலை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டது.

காலையில் அவள் வேகவைத்து வைத்த சங்கரா மீன் கிண்ணத்தில் அப்படியே இருந்தது. எறும்பு ஏறியிருந்தது.

கொடியில் துணி எடுக்க வந்த பக்கத்து வீட்டுச் செல்வி எட்டிப் பார்த்தாள். “இன்னாக்கா, கம்பெனி கேட்டுல ஒரு செக்கிங், ஊட்டுல ஒரு செக்கிங்கா? பேசாம அதுக்கு செக்யூரிட்டின்னே பேர் வச்சுடு.”

“துன்ன மாட்டேங்குது செல்வி.”

“குட்டியா ஒண்ணு எடுத்தாந்திருந்தா இந்நேரம் ஊட்டையே தலகீழா ஆக்கியிருக்கும். நீ போயி கெழத்தப் புடிச்சாந்து பேஜாரு பட்டுக்கினு கீற.”

குட்டி எடுக்கத்தான் ஹெலன் போனாள். போன ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்ததும், கும்மிடிப்பூண்டியிலிருந்து பெரியபாளையம் போய்ப் பேருந்து மாறி, திருவள்ளூரில் ஆரோக்கியமேரியின் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் ஆரோக்கியமேரி. வீட்டின் பின்புறம் தகரக் கொட்டகை போட்டு, தெருவில் அடிபட்டதும் விட்டுவிட்டுப் போனதுமாக இருபது பூனைகளை வைத்திருந்தார். குட்டிகள் ஒரு கூடையில் ஒன்றன்மேல் ஒன்றாக உருண்டுகொண்டிருந்தன. ஹெலன் அவற்றைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு ஏனோ தலையைத் திருப்பினாள்.

மூலையில் சாக்கின்மேல் இது இருந்தது. செம்மண் நிறம். பதினொரு வயதுக்கு மேல் இருக்கும் என்றார் ஆரோக்கியமேரி. ஹெலனின் கண் தன் பாட்டுக்கு வேலையை ஆரம்பித்தது. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கண் வேறெதுவும் செய்ததில்லை. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ரப்பர் வளையங்களை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அவள் வேலை. நல்லது நீலத் தட்டில், குறை உள்ளது சிவப்புத் தட்டில். இடது காது கிழிந்திருக்கிறது. கீழ்ப்பல் இரண்டு இல்லை. வலது கண்ணில் பால்போல் வெண்மை படர்ந்திருக்கிறது. மூன்று குறை. ஒன்றே போதும், சிவப்புத் தட்டுக்கு.

அவளுக்கு இன்றுவரை புரியாதது அதற்கு அப்புறம் நடந்ததுதான். கை தானாக நீண்டு அந்தக் கிழிந்த காதைத் தொட்டது. பூனை அசையவில்லை.

“இத எடுத்துக்கறேன்.”

“ஏம்மா, இது எதுக்கு உனக்கு?”

“தெரியலக்கா.”

ஆரோக்கியமேரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “காரணம் சொல்லி எடுத்துக்கினு போறவங்கதான் ரெண்டாம் மாசமே திருப்பிக் கொண்டாராங்க. தெரியலன்னு சொல்றவள இப்பதான் பாக்கறேன். எடுத்துக்கினு போ.”

நாற்பத்தெட்டு வயது வரை ஹெலன் ஒரு பொருளைக்கூடக் காரணம் இல்லாமல் வீட்டுக்குள் கொண்டுவந்ததில்லை. தம்பி தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் தனியாக இருக்கும் பெண்ணுக்கு எதிலும் கணக்காக இருக்கப் பழகிவிடுகிறது. பேருந்தில் மடியிலிருந்த கூடை கனக்கக் கனக்க, தனக்குத் தெரியாமல் தனக்குள் ஒருத்தி இருந்திருக்கிறாள் என்று நினைத்தாள். அந்த ஒருத்தியை நினைத்து அவளுக்குக் கொஞ்சம் ஆச்சரியமாகவும் இருந்தது.

வந்த நாளிலிருந்து பூனை சாப்பிடவில்லை. தண்ணீர் குடித்தது. மீன் வேகவைத்த சாற்றை விரலில் தொட்டு நீட்டினால் இரண்டு நக்கு நக்கியது. அவ்வளவுதான்.

வியாழன் மாலை போனில் சொன்னபோது ஆரோக்கியமேரியின் குரல் மாறியது. “ஹெலன், பூனைய மனுசன மாதிரி பட்டினி போட முடியாது. ஈரல் கெட்டுப்பூடும். இங்க மத்ததுங்களோட சேந்து கொஞ்சமாவது துன்னுக்கினு இருந்துச்சு. சனிக்கெழம சாயங்காலம் நானே வரேன். அதுக்குள்ள துன்னா சரி. இல்லன்னா எடுத்தாந்து டிரிப் போட்டுர்றேன். அப்புறம் அது இங்கியே இருக்கட்டும். உன்மேல தப்பு இல்லம்மா.”

தப்பு இல்லை என்று அவர் சொன்னதுதான் வலித்தது. ஹெலன் கட்டிலுக்கு முன்னால் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தாள். செம்மண் நிற முதுகு மெல்ல ஏறி இறங்கியது.

அங்கே சாப்பிட்டது இங்கே ஏன் சாப்பிடவில்லை? செல்வி சொன்ன இன்னொன்றும் மனதில் ஓடியது. பகலெல்லாம் அது தூங்குகிறதாம். இரண்டரை ஆனால் போதும், எழுந்துவந்து கதவுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறதாம். “உன் கம்பெனி பஸ்ஸு ஹாரன் அடிக்கறதுக்கு முன்னாடியே எந்திரிச்சுடுதுக்கா. ஜன்னல் வழியா பாத்தேன்.”

வந்து ஐந்து நாள் ஆகாத பூனைக்கு அவளுடைய ஷிஃப்டு நேரம் எப்படித் தெரியும்? இவள் ஷிஃப்டு இல்லை அது. வேறு யாருடைய ஷிஃப்டோ. இதற்கு முன்னால் இது யாருக்காகக் காத்திருந்தது? ஆரோக்கியமேரிக்கு மறுபடி போன் போட்டுக் கேட்டாள்.

“உங்க கும்மிடிப்பூண்டிதான். பெத்திக்குப்பம் பக்கம், தண்ணித் தொட்டிக்குப் பின்னால லைன் வீடு. வாடகைக்கு இருந்த ஆளு செத்துட்டாரு. ஊட்டப் பூட்டிட்டாங்க. இது ஒரு மாசம் அந்தப் பூட்டின கதவாண்டயே உக்காந்துகினு இருந்துச்சாம்.”

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கம்பெனிப் பேருந்தில் ஏறியவள் பெத்திக்குப்பத்திலேயே இறங்கிக்கொண்டாள். தண்ணீர்த் தொட்டி, அதன் பின்னால் ஒரே வரிசையாக ஆறு கதவுகள். குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அம்மாளிடம் பூனையைப் பற்றிக் கேட்டாள். கங்கம்மா என்று பேர் சொன்ன அந்த அம்மாள் கைச் சாம்பலைக்கூடக் கழுவாமல் எழுந்து நின்றார்.

“செவலையா? காது கிழிஞ்சது? உயிரோட கீதா அது! வரதன் நைனா பூனைம்மா. அதோ, அந்தக் கடைசி ஊடு. தனி ஆளு. எதோ கம்பிக் கம்பெனில ஃபர்ஸ்டு ஷிஃப்டு. நெஞ்சு வலின்னு ஆட்டோல ஏத்தினாங்க, அவ்ளோதான். ஏம்மா, நீ அவருக்கு இன்னா ஒறவு?”

“ஒறவு இல்ல. பூனை என்கிட்ட கீது. ஒண்ணும் துன்ன மாட்டேங்குது. அவரு இன்னா போடுவாரு அதுக்கு?”

கங்கம்மா சிரித்தார். “தனியா எங்க போட்டாரு? மூணு மணிக்கு வருவாரு. ஷூவக்கூட அவுக்க மாட்டாரு. படில உக்காந்து பையத் தொறந்து டப்பாவ எடுப்பாரு. காலைல கொண்டுபோனதுல பாதிய அப்படியே திருப்பிக் கொண்டாருவாரு. தயிர் சோறு, ரெண்டு நெத்திலி. மூடியில அதுக்கு, டப்பாவுல அவருக்கு. ரெண்டு பேரும் உக்காந்து துன்னுவாங்க. எங்க ஊட்டுக்காரு கேலி பண்ணுவாரு, பொண்டாட்டி வந்துட்டாளான்னு.”

“பேர் இன்னா வச்சிருந்தாரு?”

“பேரெல்லாம் இல்ல. மூடிய வச்சுட்டு ‘இந்தாப்பா’ன்னுவாரு. அதுதான் பேரு.”

ஹெலன் அந்தப் படியைப் பார்த்தாள். சாதாரண சிமெண்டுப் படி. இப்போது அங்கே வேறு யாருடைய குழந்தைச் செருப்போ கிடந்தது. தோளில் தொங்கிய தன் பையைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே டப்பா இருந்தது. மதியம் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டு, கம்பெனிக் குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் துடைத்து மூடியது. பேருந்தில் வாடை வரக்கூடாது என்று இருபத்திரண்டு வருடமாகச் செய்வது. பூனை தினமும் முகர்ந்தது அந்தச் சோப்பைத்தான்.

கொட்டகையில் யாரும் வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. எதிர்பார்க்க எதுவும் இல்லை, அதனால் கிடைத்ததைத் தின்றது. இங்கே மூன்று மணிக்கு ஒரு பை வருகிறது. வந்த பிறகு எப்படி வேறெதையாவது தின்னும்?

வீட்டுக்கு வந்த வேகத்தில் டப்பா மூடியில் தயிர் சோறு பிசைந்து வைத்தாள். பூனை வந்து முகர்ந்தது. பையைப் பார்த்தது. அவளைப் பார்த்தது. போய்விட்டது. வீட்டில் பிசைந்த சோறு அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

சனிக்கிழமை காலை தயிர் சோறும் உப்பு காரம் போடாமல் வறுத்த நெத்திலியும் கொண்டுபோனாள். இடைவேளையில் பாதியோடு கையை நிறுத்தியபோது வயிறு இன்னும் கேட்டது. நிறுத்தினாள். யாருக்காவது மீதி வைப்பது அவளுக்குப் புதிதில்லை. தம்பி தங்கைகளுக்கு வைக்காத நாள் இல்லை. ஆனால் அது கடமை என்று அன்றே தெரியும். இது என்ன என்று தெரியவில்லை.

கேட்டில் சோதனை செய்யும் ஜெகன் எப்போதும் அவள் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவான். இன்று கை நின்றது.

“இன்னாக்கா, டப்பா கனமா கீது?”

“சோறு.”

“உன் டப்பாவுலயா? தொற.”

பின்னால் வரிசை நின்றது. வெளியே பேருந்து உறுமிக்கொண்டிருந்தது. வளையம் எதையாவது கடத்துகிறாளோ என்று பார்ப்பதுபோல் எல்லோரும் எட்டிப் பார்க்க, ஹெலன் மூடியைத் திறந்தாள். சோறு. நான்கு நெத்திலி. ஜெகன் முகம் சுருங்கியது.

“ஒடம்பு சரியில்லியாக்கா? துன்னாம எடுத்துக்கினு போற?”

“ஊட்டுல ஒருத்தரு கீறாரு” என்றாள் ஹெலன்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. வரிசையில் யாரோ “ஓ!” என்று இழுத்தார்கள். திலகவதி இடுப்பில் கிள்ளினாள். “எப்போடி இது? எங்ககிட்ட சொல்லவேயில்ல!” ஹெலன் மூடியை அழுத்திவிட்டுப் பேருந்தை நோக்கி ஓடினாள். முகம் சுட்டது. சிரிப்பும் வந்தது.

மூன்று மணிக்குக் கதவைத் திறந்தாள். அது இருந்தது. ஹெலன் உள்ளே போகவில்லை. ஷூவோடு அப்படியே படியில் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்தாள். பூனை வந்து முகர ஆரம்பித்தது. பாதியில் நின்றது. மறுபடி அதே இடத்தை முகர்ந்தது. காலைத் தூக்கிப் பையின்மேல் வைத்தது.

அவள் டப்பாவை எடுத்து, மூடியில் பாதிச் சோற்றைத் தள்ளி, இரண்டு நெத்திலியைக் கிள்ளிப்போட்டுத் தரையில் வைத்தாள்.

“இந்தாப்பா.”

கிழிந்த காது திரும்பியது. பூனை மூடிக்குமேல் குனிந்தது. ஆனால் வாய் வைக்கவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தது, பால் படராத ஒற்றைக் கண்ணால். இன்னும் என்ன? என்ன விட்டுப்போயிற்று? கங்கம்மா சொன்னதை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். பிறகு டப்பாவில் கையை விட்டு ஒரு வாய் அள்ளித் தின்றாள். காலையில் போட்ட தயிர் புளித்திருந்தது.

பூனை தின்ன ஆரம்பித்தது. பல் இல்லாத பக்கம் சோறு சிந்தச் சிந்த, தலையை ஒரு பக்கம் சாய்த்துத் தின்றது. அவள் நிறுத்தினால் நிமிர்ந்து பார்த்தது. அவள் மறுபடி தின்றாள். வரதன் என்ற அந்த மனிதரின் முகம்கூட அவளுக்குத் தெரியாது. ஆனால் அவர் ஒவ்வொரு நாளும் இடைவேளையில் கையை நிறுத்திய இடம் அவளுக்கு இப்போது தெரியும்.

போன் எடுத்தாள். “மேரிக்கா, துன்னுடுச்சு. மூடிய நக்கிக்கினு கீது.”

“நெசமாவா? இன்னாடி போட்ட?” பேருந்துச் சத்தத்துக்கு நடுவே ஆரோக்கியமேரி கத்தினார். “நான் பெரியபாளையம் தாண்டிட்டேன். இனிமே திரும்ப முடியாது. டீ போட்டு வை.”

மறுநாள் ஞாயிறு. ஷிஃப்டு இல்லை. ஹெலன் டப்பா கட்டிப் பையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். பூசை முடிந்தும் வீட்டுக்குத் திரும்பாமல் ரயில் நிலையப் பெஞ்சில் உட்கார்ந்து வருகிற வண்டி போகிற வண்டியைப் பார்த்துவிட்டு, சரியாக மூன்று மணிக்குத் தெருவுக்குள் நுழைந்தாள்.

“இன்னாக்கா, ஞாயித்துக்கெழமகூட டூட்டியா?” என்றாள் செல்வி.

“ஆமா” என்று சொல்லிவிட்டு ஹெலன் கதவைத் திறந்தாள்.