காலியாகப் போன கேரியர்

பகவதிப்பெருமாள் ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் அவருக்கு ஒரு பலகை வந்து சேர்ந்தது. கிழக்கேகோட்டையில் சொல்லிச் செய்தது. கறுப்புப் பின்னணியில் பொன்னிற எழுத்து. 'பி. பகவதிப்பெருமாள், ஸ்டோர் சூப்பிரண்ட், ஓய்வு' என்று ஒரு வரி, அதன் கீழே 'வாழ்க்கைச் சீரமைப்பு ஆலோசகர்' என்று இன்னொரு வரி. 'ஓய்வு' மட்டும் கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும். அப்படிச் செய்யும்படி தனியாகச் சொல்லிவைத்திருந்தார்.

பலகை வந்துவிட்டது. மாட்டுவதற்குத்தான் இடமில்லை.

கரமனையில் இருந்த அந்தச் சொந்த வீட்டில் அவருக்கென்று ஓர் இருக்கை கிடையாது. மனைவி சரஸ்வதியம்மாள் பெருக்க வந்தால் ஹாலிலிருந்து சிட்டவுட்டுக்குப் போவார். அவளே துணி காயப்போட வந்தால் சிட்டவுட்டிலிருந்து படுக்கையறைக்குப் போவார். கழக்கூட்டத்தில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் அஞ்சு வாரத்தில் மூன்று நாள் அந்த அறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு மீட்டிங்கில் இருப்பாள். முப்பத்தொரு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதர் இப்போது ஒரு பகலுக்குள் ஏழு இடம் மாறினார். யாரும் எழுந்திருக்கச் சொல்லாத ஒரு நாற்காலி, அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். ஆனால் அதை அப்படியே வாய்விட்டுச் சொல்லிவிடுகிற ஆள் அல்ல அவர். எனவே அதற்கு 'இல்ல மறுசீரமைப்புத் திட்டம்' என்று பெயர் சூட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புட்டும் கடலையும் சாப்பிட்டு முடிந்ததும் திட்டம் வெளியிடப்பட்டது. அதற்கு இரண்டு பாகம். அடுக்களையை ஒட்டிய சாய்ப்பு அறையில் அடைந்து கிடக்கும் பாத்திரங்களையெல்லாம் கழித்துக்கட்டி, அந்த அறையைத் தமது அலுவலகமாக மாற்றுவது முதல் பாகம். இருபத்தெட்டு நாளுக்கும் வேளைவாரியாகச் சமையலை முன்கூட்டியே எழுதிவைத்து, வீட்டுச் சாப்பாட்டுச் செலவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைப்பது இரண்டாம் பாகம். அட்டவணை தயாராகவே இருந்தது. செவ்வாய் இரவு கஞ்சியும் பயறும். புதன் மதியம் உள்ளித் தீயல் குழம்பு, ஆளுக்கு ஒன்றரைக் கரண்டி.

"அதென்னப்பா அரைக் கரண்டி?" என்றாள் அஞ்சு.

"மிச்சம் வரப்பிடாது. மிச்சம் வந்தா அது நட்டமாக்கும்."

"எனக்கு ரெண்டு கரண்டி வேணும்னா?"

"அப்பம் எழுதிக் கொடுக்கணும். மூணு நாள் முந்தி."

அஞ்சு சிரித்துக்கொண்டே அதை ஆபீசில் அச்செடுத்து லேமினேஷனும் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள். பகவதிப்பெருமாள் அதை ஃபிரிட்ஜின் முகத்தில் ஒட்டினார்.

சரஸ்வதியம்மாள் எதிர்ப்பேதும் சொல்லவில்லை. இத்தனை வருஷ இல்லறத்தில் அவள் நேருக்கு நேராக எதிர்த்தது மிகவும் குறைவு. "சாய்ப்பைக் காலி பண்ணுங்கோ, நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா ஒரு மாசம்தான். அதுக்குள்ள ஆகலேன்னா அந்தப் பலகை தண்ணி டிரம்முக்கு மூடி. அளவு பாத்தாச்சு" என்றாள்.

அளவு பார்த்தாச்சு என்றது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் ஒப்புக்கொண்டார். அலுவலகத்தில் அவருடைய வேலையே கிடங்குக்குள் போய்ச் சாமான்களை எண்ணி, உதவாததைக் 'கண்டம்' என்று எழுதித் தள்ளுவதுதான். ஒரு சமயம் தாம் உட்கார்ந்திருந்த நாற்காலியையே கண்டம் பண்ணிவிட்டு, புது நாற்காலி வரும்வரை எட்டு மாதம் ஸ்டூலில் இருந்தவர். அவருக்கா ஒரு சாய்ப்பு அறை பெரிய காரியம்?

மறுநாள் பதிவேடும் பேனாவுமாக உள்ளே நுழைந்தார். தூக்குப்போணிகள், அடுக்குக் கேரியர்கள், எவர்சில்வர் சம்படங்கள், மூடி ஒன்றும் பாத்திரம் ஒன்றுமாகச் சேர்ந்துவிட்ட ஜோடிகள். எண்ணி முடித்தபோது எழுபத்துநாலு. மூன்று பேர் உள்ள வீட்டுக்கு எழுபத்துநாலு பாத்திரம் எதற்கு என்று பதிவேட்டில் ஒரு கேள்வியை எழுதி, அடியில் கோடும் போட்டார்.

"கண்டம் எழுதுகதுக்கு முன்ன ஒண்ணொண்ணாக் கமத்திப் பாருங்கோ" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

கவிழ்த்துப் பார்த்தார். அடிப்பாகத்தில் பேர் வெட்டியிருந்தது. 'மு.கோ.' என்று ஒன்று. 'ஸ்ரீலட்சுமி' என்று மலையாளத்தில் ஒன்று. மறுபடி 'மு.கோ.' எழுபத்துநாலில் அறுபத்தொன்று பிறத்தியார் பாத்திரம். அதில் இருபத்திரண்டு, இரண்டு வீடு தள்ளியிருக்கும் கோலப்பன் வீட்டுடையது. மு.கோ. என்பது கோலப்பன் மனைவி முத்தாரம்மாள். மூலையில் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்த பெரிய அண்டாவில் கோலப்பனுடைய பேரே முழுசாக வெட்டியிருந்தது.

"இதையெல்லாம் ஏன் திருப்பிக் குடுக்கல?"

"எப்படிக் குடுக்க? வெறும் பாத்திரமாவா?"

"பாத்திரம்னா வெறும் பாத்திரம்தானே?"

சரஸ்வதியம்மாள் கரண்டியோடு வாசலில் வந்து நின்று, அவரைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தாள். "ஒரு வீட்டுலருந்து எரிசேரி வந்த போணியை வெறுமனே அனுப்புகது உண்டா? எதாவது வச்சுத்தான் அனுப்பணும். அதுவும் அதுக்குத் தக்கனதா வைக்கணும். முத்தாரு அந்தக் கேரியர்ல அடப்பிரதமன் பாயசம் குடுத்துவிட்டா. அதுக்கு ரெண்டு பழத்தை வச்சா நல்லாவா இருக்கும்? நாம பிரதமன் வைக்கும்போ குடுக்கலாம்னு வச்சிருந்தேன். நாம வைக்கதுக்கு முந்தியே அவ அடுத்ததையும் குடுத்துவிட்டா."

"எத்தனை வருஷம்?"

"நம்ம அஞ்சு பத்தாங்கிளாஸ் எழுதுன வருஷத்துலருந்து."

நாகரிகத்துக்கு ஒவ்வாத இந்த ஏற்பாட்டை உடைப்பது தம் கடமை என்று பகவதிப்பெருமாளுக்குப் பட்டது. தவிர, அட்டவணையில் அறுபத்தொரு பாத்திரத்தை நிரப்ப இடமில்லை. அன்று மாலை சட்டையை மாற்றிக்கொண்டு, அந்த நாலடுக்குக் கேரியரைக் கழுவித் துடைத்து, காலியாகவே எடுத்துக்கொண்டு கோலப்பன் வீட்டுக்குப் போனார்.

முத்தாரம்மாள் சிரித்த முகத்தோடு வாங்கினாள். வாங்கும்போதே அதில் கனமில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் மேலடுக்கைத் திறந்தாள். இரண்டாவது அடுக்கைத் திறந்தாள். நாலாவதையும் திறந்து பார்த்துவிட்டு மெதுவாக மூடினாள்.

"அண்ணாச்சி, சரசு சொகமாத்தானே இருக்கா?"

"நல்லா இருக்கா."

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன?"

"சாயா போடட்டுமா? சாப்பிட்டியளா அண்ணாச்சி?" என்று கேட்டபோது அவள் குரல் தழுதழுத்தது. அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு எதிர்வீட்டு ஸ்ரீலட்சுமி ஒரு பாத்திரம் நிறைய சேனை எரிசேரியோடு வந்தாள். "சேச்சி, பென்ஷன் காரியமொக்கெ செரியாகும். விஷமிக்கண்டா" என்று சரஸ்வதியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். கவலைப்பட வேண்டாமாம். என்ன பென்ஷன் காரியம் என்று கேட்பதற்குள் அவள் கண் ஃபிரிட்ஜின் பக்கம் போயிற்று. ஸ்ரீலட்சுமிக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆனால் எண்கள் எல்லாருக்கும் பொது. அரையும் காலும் ஒன்றரையுமாகப் போட்டிருந்த அந்த அட்டவணையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

மதியத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பகவதிப்பெருமாள் சாருக்கு ஏதோ ஆடிட் தகராறில் பென்ஷனை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் அளந்து சாப்பிடுகிறார்கள். பாவம், வெறும் கேரியரைத் திருப்பிக் கொடுக்கிற நிலைமைக்கு வந்துவிட்டார்கள். மாலைக்குள் புளிக்கறி ஒரு போணி, அவியல் ஒரு சம்படம், பலாக்கொட்டைத் துவரன், மூட மறந்ததுபோல் இன்னொரு சம்படத்தில் நாலு உளுந்தவடை. இரவு சாய்ப்பு அறையில் எழுபத்துநாலு என்பது எழுபத்தெட்டு ஆயிற்று.

"திட்டம் நல்லா போகுது. இன்னைக்கு நான் அடுப்பே பத்த வைக்கல" என்றாள் சரஸ்வதியம்மாள்.

பகவதிப்பெருமாளுக்கு வடை இறங்கவில்லை. ஒரு ரூபாய்க்குக்கூட ஆடிட் குறிப்பு இல்லாமல் ஓய்வு பெற்று வந்தவர் அவர். வீடு வீடாகப் போய் எனக்குப் பென்ஷன் வருகிறது என்று சொல்லவா முடியும்? சொன்னாலும், பாவம் மானஸ்தன், மறைக்கிறார் என்பார்கள். ஒரே ஒரு வழிதான் இருந்தது.

"சரசு, நாளைக்கு அந்தத் தீயலை எவ்வளவு வைக்கே?"

"அட்டவணையில நாலரைக் கரண்டி."

"அட்டவணை கிடக்கட்டும். பத்துப் பாத்திரம் நிறையணும். தளும்பத் தளும்ப நிறையணும்."

அடுத்த நாள் விடியுமுன் அவரே சாலைக் கம்போளத்துக்குப் போய்ச் சின்ன உள்ளி நாலு கிலோ வாங்கி வந்தார். சிட்டவுட்டில் உட்கார்ந்து உரித்தார். தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்றுதான் அங்கே உட்கார்ந்தார். ஆனால் உள்ளி உரிக்கிறவன் கண்ணில் நீர் வழியும் என்பதை மறந்துவிட்டார். பார்த்தவர்கள் இன்னும் இரக்கப்பட்டுக்கொண்டு போனார்கள்.

ஆனாலும் தீயல் வேலை செய்தது. நிறைந்த பாத்திரம் வாசலுக்கு வந்ததும் முத்தாரம்மாளின் முகம் தெளிந்தது. "வந்துட்டா அண்ணாச்சி, பென்ஷன்?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்வதைத் தவிர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. நிற்காத பென்ஷன் அன்று திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் எதிர்பார்க்கவில்லை. ஒரே நாளில் பத்துப் பாத்திரம் திருப்பித் தந்தால் வாங்கிய வீடுகள் சும்மா இருக்குமா? ஒவ்வொரு வீட்டிலும் பரணும் சாய்ப்பும் திறக்கப்பட்டன. சரஸ்வதியம்மாளுடைய பாத்திரங்கள் அங்கெல்லாம் எத்தனையோ வருஷமாகத் தக்கனதற்குக் காத்துக் கிடந்தன. எல்லாம் நிறைந்து நிறைந்து வரத் தொடங்கின. ஒரு வீட்டிலிருந்து வந்ததில் மிஞ்சியதையே இன்னொரு வீட்டுப் பாத்திரத்தில் நிரப்பி, பகவதிப்பெருமாள் காலையில் இரண்டு, மாலையில் மூன்று என்று கொண்டுபோய்க் கொடுத்தார். போகிற இடத்தில் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தார். பதிவேட்டில் யார் வீட்டுப் பாத்திரம் எந்த வீட்டில் என்று ஒரு பத்தி திறந்தார். இரண்டாம் வாரம் ஸ்ரீலட்சுமியே வந்து, "சாரே, எங்கட பித்தளைச் செம்பு எவிடெ இருக்குன்னு ஒண்ணு நோக்குமோ?" என்று கேட்டாள். பதிவேட்டைப் புரட்டி, மூன்றாவது சந்தில் தையல்காரி வீட்டில் என்று சொன்னார். முப்பத்தொரு வருஷத்தில் அவருடைய பதிவேட்டால் ஒரு பொருள் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

மாதம் முடிந்தது. அஞ்சு கணக்குப் பார்த்தாள். செலவு பாதியாகக் குறைந்திருந்தது. அட்டவணைப்படி சமைத்தது நாலு நாள்தான்; மீதியெல்லாம் வரவு.

"அப்பா ஜெயிச்சாச்சு" என்றாள்.

ஆனால் சாய்ப்பு? பிறத்தியார் பாத்திரம் ஒன்றைத் தவிர எல்லாம் போய்விட்டது. வீட்டுப் பாத்திரம் எழுபத்தெட்டு வந்துவிட்டது. பகவதிப்பெருமாள் வாசலில் நின்று இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். பிறகு போய்ச் சுவரில் சாய்த்துவைத்திருந்த பலகையை எடுத்து, வேட்டி முனையால் துடைத்து, டிரம்முக்குப் பக்கத்தில் வைத்தார். அன்று சரஸ்வதியம்மாள் பெருக்க வருமுன்பே, தானாக எழுந்து கரமனை ஆற்றுப் பக்கம் நடக்கப் போனார்.

திரும்பி வந்தபோது பலகை சாய்ப்பு அறைக் கதவின் மேல் தொங்கியது. உள்ளே பாத்திரங்களையெல்லாம் இரண்டு சுவரோடு சுவராக உச்சிவரை அடுக்கியிருந்தது. ஜன்னலோரம் ஒரு நாற்காலி. அதன் முன்னே, திருப்பிக் கொடுக்காமல் மிஞ்சிய அந்த ஒரே பாத்திரம், கோலப்பன் வீட்டு அண்டா, கவிழ்த்துப்போட்டு மேல் ஒரு துண்டு விரித்திருந்தது. அதன் மேல் பதிவேடும் பேனாவும்.

"மேசை போட இடம் பத்தல" என்றாள் சரஸ்வதியம்மாள், அடுக்களையிலிருந்து எட்டிப் பார்க்காமலே. "அங்கன நான் பெருக்க வரமாட்டேன். நீங்களே பெருக்கிக்கிடுங்கோ."

அவர் உட்கார்ந்தார். நாற்காலி சற்று ஆடியது. கண்டம் பண்ண வேண்டிய நாற்காலிதான். பண்ணவில்லை.

நாலு நாள் கழித்துக் கோலப்பன் வந்தான். கையில் சரஸ்வதியம்மாளுடைய தூக்குப்போணி ஒன்று. பலகையை அண்ணாந்து வாசித்தான். கண்ணை இடுக்கி இடையிலிருந்த சின்ன எழுத்தையும் வாசித்தான்.

"என்னவேய், ஆபீசெல்லாம் பலமா இருக்கு."

"வாரும் வேய், இரும்."

உட்கார வேறு இடமில்லை. கோலப்பன் அண்டாவின் மேலேயே ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றான். துண்டு விலகியது. குனிந்து பார்த்தான். தன் பேரைத் தானே எழுத்துக்கூட்டி வாசித்தான்.

"இது நம்ம வீட்டு அண்டால்லா?"

"ஆமா. நிறைக்காம எப்படித் தர? நூறு பேருக்குச் சோறு கொள்ளும்."

கோலப்பன் கொஞ்சம் யோசித்தான். அவனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. "அப்பம் மெள்ளக் கொடும்" என்று சொல்லிவிட்டுத் தூக்குப்போணியை வைத்துவிட்டுப் போனான்.

அவன் தலை மறைந்ததும் பகவதிப்பெருமாள் போணியைத் தூக்கிப் பார்த்தார். கனமே இல்லை. மூடியைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை, கழுவின ஈரம்கூட இல்லை. அவர் முகம் மாறிவிட்டது. நாற்காலியை விட்டு எழுந்து அடுக்களை வாசலுக்கு வந்தார்.

"சரசு, கோலப்பன் வீட்டுல என்னமோ சரியில்ல."

"முத்தாரு வித்துராவுல மக வீட்டுக்குப் போயிருக்கா. வர பத்து நாளாகும்."

"பத்து நாளா?" அவர் ஃபிரிட்ஜின் முன்னே போய் நின்றார். இன்றைக்குச் செவ்வாய், கஞ்சியும் பயறும். பேனாவை எடுத்து அட்டவணையில் திருத்தப் பார்த்தார். லேமினேஷனில் மை பிடிக்கவில்லை. இரண்டு தடவை கீறிப் பார்த்துவிட்டுப் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார்.

"பயறை இன்னொரு ஆளுக்கும் சேத்து வை. ரெண்டு அப்பளமும் பொரி. நான் கொண்டு குடுத்துட்டு வாறேன்."